அறியப்படுவதன் பொறுப்பு

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நமது கரையோர ஊர்களில் ஏதாவதொரு மண்டபத்தில் ஏதாவதொரு விழா நடக்காத வாரம் கிடையாது. மறுநாள் அது செய்தியாகிவிடும். அந்தச் செய்தியை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். தலைப்பில் 'கௌரவிப்பு' அல்லது 'வழங்கிவைப்பு' என்று இருக்கும். முதற் பந்தியில் தலைமை தாங்கியவர். அடுத்து பிரதம அதிதி, கௌரவ அதிதிகள், விசேட அதிதிகள். ஒவ்வொருவருக்கும் முன்னால் பட்டம், பின்னால் பதவி. பொன்னாடை போர்த்தும் படம் ஒன்று, நினைவுச் சின்னத்தை நாலு பேர் சேர்ந்து பிடித்திருக்கும் படம் ஒன்று, எல்லாரும் வரிசையாக நிற்கும் படம் ஒன்று. அது நூல் வெளியீட்டு விழாவாக இருந்தால், நூல் எதைப் பற்றியது என்பது கடைசி வரியில் இருக்கும். சில வேளை அதுவும் இராது. அன்றிரவு முகநூலில் முந்நூறு பேர் 'மாஷா அல்லாஹ்' என்றும் 'வாழ்த்துகள் சேர்' என்றும் எழுதுவார்கள். அடுத்த வாரம் அந்த நூலின் பெயரைச் சொல்லும்படி அந்த முந்நூறு பேரிடம் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள் என்பதை உங்கள் கணிப்புக்கே விட்டுவிடுகிறேன்.

இதைக் கேலி செய்வதற்காக நான் இங்கு நிற்கவில்லை. தன் பெயர் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்ற விருப்பம் தவறானதென்று நான் கருதவில்லை. ஆசிரியர், சட்டத்தரணி, கவிஞர், கடை வைத்திருப்பவர், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் கணினிப் பட்டதாரி, யாராக இருந்தாலும் இந்தக் காலத்தில் அறியப்படாமல் இருப்பது ஒரு நட்டம். அதனால்தான் 'உங்களை நீங்களே ஒரு பிராண்ட் ஆக்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் பெருகியிருக்கின்றன. படம் எப்படி எடுப்பது, எந்த நேரத்தில் பதிவிடுவது, எத்தனை நாளைக்கொரு முறை முகம் காட்டுவது என்றெல்லாம் அங்கே பாடம் நடக்கிறது. என் வாதம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. இந்தக் கரையில் நிலைத்துப்போன பெயர்களை எடுத்து, அவை எப்படி நிலைத்தன என்று பார்த்தால், தன்னைப் பற்றிச் சொல்லிப் பெயர் எடுத்தவர் அவர்களில் அரிது. ஊடகத்தைக் கைக்கொண்டு, பிறருக்குத் தேவைப்பட்ட ஒரு வேலையைப் பலர் பார்க்கச் செய்தவர்களின் பெயர்தான் நின்றிருக்கிறது. அவர்களுக்குப் பெயர் என்பது விளம்பரமாக இருக்கவில்லை. எழுதியதற்கு நானே ஜவாப்தாரி என்று வைத்த கையொப்பமாக இருந்தது.

முதலில் நம் ஊர்க்காரரல்லாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஏ.எம்.ஏ. அஸீஸ் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்; இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். அவசரக் கச்சேரி என்றே அவரது காரியாலயத்தைச் சொன்னார்கள். காடு வெட்டிக் காணியாக்கி விவசாயிகளுக்குக் கொடுத்த அவரை நினைத்து ஒரு வயல்வெளியை 'அஸீஸ்துரைக் கண்டம்' என்று அந்த விவசாயிகளே அழைத்தார்கள். அவர் பெயர்ப்பலகை நட்டு வைத்த பெயரன்று அது. அதே 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடக்கிவைத்தார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கு ஏற்பட்ட பழக்கமும் இந்தக் காலத்தில்தான். இங்கே கண்ட கல்வி வறுமைதான் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி என்ற நாடளாவிய அமைப்பாக வளர்ந்தது. பிறகு கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார், செனற்றரானார், தமிழிலும் ஆங்கிலத்திலும் இடைவிடாமல் எழுதினார். பத்திரிகையை அவர் நன்றாகப் பயன்படுத்தினார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் எழுதியதை அடுக்கிப் பார்த்தால் பேசுபொருள் கல்வியாக, மொழியாக, சமூகமாக இருக்கிறது. ஆளைப் பற்றி வாசகன் தானாக முடிவெடுத்துக்கொள்கிறான்.

அவருக்கும் முன்னால் ஒரு வழி போடப்பட்டிருந்தது. கண்டியில் சட்டத்தரணியாக இருந்த அறிஞர் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' வார இதழைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பேயுடைய சரித்திரம்' என்ற நாவலையும் வெளியிட்டார். ஒரு சட்டத்தரணிக்குப் பெயர் வேண்டுமென்றால் வழக்குகளே போதும். ஆங்கிலக் கல்வியை அஞ்சி ஒதுங்கியிருந்த ஒரு சமூகத்துக்கு வாரந்தோறும் வாதாடிக்கொண்டிருக்க ஒரு பத்திரிகை வேண்டியிருந்தது. அந்தத் தேவையின் பின்னால்தான் அவர் பெயர் வந்தது. பத்திரிகை நின்று நூறாண்டுக்கு மேலாகிறது. பெயர் இன்னும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

கல்முனைக்கு வருவோம். கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம்.ஏ. நுஃமானை இன்று தமிழுலகம் மொழியியலாளராக, திறனாய்வாளராக, பேராதனையின் பேராசிரியராக அறியும். 1969-70 காலத்தில் அவருக்கு வயது இருபத்தைந்து. அப்போது அவர் செய்த வேலைகள் இரண்டு. ஒன்று, 'கவிஞன்' என்று கவிதைக்காகவே ஒரு காலாண்டிதழ் நடத்தினார். மற்றது, வாசகர் சங்கம் என்ற பெயரில் நூல் வெளியிட்டார். 1970இல் 'கோடை', 1971இல் 'ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்'. இரண்டும் அவர் எழுதியவையல்ல. அளவெட்டியைச் சேர்ந்த மஹாகவி உருத்திரமூர்த்தியின் ஆக்கங்கள். இருபத்தைந்து வயதில் கவிதை எழுதும் ஓர் இளைஞன் கையில் அச்சுக் கூலிக்குக் கொஞ்சம் காசு சேர்ந்தால் முதலில் யாருடைய தொகுப்பைப் போடுவான்? நுஃமானின் சொந்தத் தொகுதியான 'தாத்தாமாரும் பேரர்களும்' 1977இல்தான் வந்தது. 1981இல் 'பலஸ்தீனக் கவிதைகள்' என்று மொழிபெயர்ப்பு நூல், 1984இல் அ. யேசுராசாவோடு சேர்ந்து தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' சென்னையில் க்ரியா வெளியீடாக. அந்தத் தொகுப்புத்தான் ஈழத்துக் கவிதை எப்படிப்பட்டதென்று தமிழ்நாட்டு வாசகர் பலருக்கு முதன்முதலில் காட்டியது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது அவர் எழுதிய 'புத்தரின் படுகொலை' கவிதை இன்று நூலக எரிப்பைப் பற்றிய எந்தப் பேச்சிலும் வந்துவிடுகிறது. எழுதியவரின் பெயர் தெரியாதவர்களுக்கும் கவிதை தெரியும். இன்றைய பிராண்ட் வகுப்புகளின் கணக்குப்படி இது தோல்வி. எனக்கு அது ஓர் எழுத்தாளனுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய புகழாகத் தெரிகிறது.

இந்தப் பகுதி எழுத்தாளர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர்களையும் கொஞ்சம் பாருங்கள். வீ.எம். இஸ்மாயில் மருதூர்க்கொத்தன் ஆனார். அவரோடு மருதூர்க்கனி, மருதூர் ஏ. மஜீத். பெரியநீலாவணைச் சின்னத்துரை நீலாவணன் ஆனார். 'பாடும்மீன்' என்று இதழும் நடத்தினார். தன் பெயரை எடுத்துவிட்டு ஊரின் பெயரை வைத்துக்கொள்வது விளம்பரத் துறையில் யாரும் பரிந்துரைக்காத உத்தி. ஆனால் அப்படி வைத்தவர்கள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஊர் சாட்சியாகிவிடுகிறது. மருதமுனையைப் பற்றிப் பொய்யாக எழுதிவிட்டு மருதூர்க்கொத்தன் என்ற பெயரோடு மருதமுனைச் சந்தையில் மீன் வாங்க முடியாது. இன்றைக்குப் போலிக் கணக்குக்குப் பின்னால் நின்று அடுத்தவரின் மானத்தை வாங்குகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை.

நிலைத்த பெயர்களில் நான் மிகவும் மதிக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்முனை ஸாஹிறாவின் அதிபராக இருந்த சாய்ந்தமருது எஸ்.எச்.எம். ஜெமீல் 1990களில் 'சுவடி ஆற்றுப்படை' என்ற வரிசையை வெளியிடத் தொடங்கினார். இலங்கை முஸ்லிம்கள் தமிழில் எழுதிய நூல்கள் எவை, யார் எழுதினார், எப்போது, எங்கே அச்சாகியது என்ற விபரத் திரட்டு அது. வாசிக்கச் சுவையான நூலென்று யாரும் சொல்லமாட்டார்கள். அடுத்தவர்களின் பெயர்களைப் பதிவதிலேயே ஒருவர் தன் ஓய்வு நேரத்தையெல்லாம் கழித்திருக்கிறார். இன்று இலங்கை முஸ்லிம் இலக்கியம் பற்றி ஆய்வு செய்யும் மாணவர், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், ஜெமீலைத் தாண்டிக்கொண்டு போக முடியாது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து வீடுகளோடு புத்தக அலுமாரிகளையும் கொண்டுபோன ஊர்கள் இவை. அதற்குப் பிறகு அந்தத் திரட்டின் பெறுமதி எவ்வளவு கூடியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அரசியலில் உதாரணம் கேட்டால் எம்.எச்.எம். அஷ்ரஃபைச் சொல்லாமல் முடியாது. சட்டத்தரணி, கவிஞர், 1981இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகர், 1994க்குப் பின் துறைமுகங்கள் அமைச்சர், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் வருவதற்குக் காரணமானவர். மேடையின் வலிமையையும் பத்திரிகையின் வலிமையையும் நன்றாக அறிந்திருந்தார். கவிதைகளை 'நான் எனும் நீ' என்று பெருந்தொகுப்பாக்கினார். 2000 செப்டம்பர் 16இல் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்த பிறகு வந்த தேர்தல்களில், ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும் கட்சிகள் எல்லாம் தத்தம் சுவரொட்டிகளில் அவர் படத்தையே போட்டுக்கொண்டன. பெயரைக் கட்டியெழுப்புவதில் அவர் எவ்வளவு வெற்றி கண்டார் என்பதற்கு இது சான்று. ஆளைச் சுற்றிக் கட்டிய பெயர், ஆள் போனதும் யார் கைக்கும் போய்விடும் என்பதற்கும் இதுதான் சான்று. பல்கலைக்கழகத்தை அப்படித் தூக்கிக்கொண்டுபோக யாராலும் முடியவில்லை. அது ஒலுவிலில்தான் இருக்கிறது.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது மார்க்கத்திலிருந்து வருவது, ஆகவே கனமானது. பெயருக்காகச் செய்யும் நல்லமல் முகஸ்துதியாகிவிடும் என்கிறார்கள். கற்றவர் என்று மக்கள் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கற்றவரின் மறுமை நிலை பற்றிய ஹதீஸை ஜும்ஆப் பிரசங்கங்களில் நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். இந்த எச்சரிக்கையை நான் லேசாக்க விரும்பவில்லை. மேலே சொன்ன பொன்னாடைச் செய்திகளுக்கு இதைவிடப் பொருத்தமான விமர்சனம் கிடையாது. ஆனால் அதே ஹதீஸ் கலையை இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள். ஒரு செய்தி ஏற்கத் தக்கதா என்பதை நம் முன்னோர் எதை வைத்துத் தீர்த்தார்கள்? அறிவிப்பாளர் வரிசையை வைத்து. யார் யாரிடமிருந்து கேட்டார், அவர் நம்பகமானவரா, நினைவாற்றல் உள்ளவரா, இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா என்று ஆளாளாக விசாரித்தார்கள். அந்த விசாரணைக்காகவே இமாம் புகாரி 'அத்தாரீக் அல்கபீர்' என்ற பெரும் நூலில் அறிவிப்பாளர்களின் பெயர்களைத் திரட்டினார். பெயர் தெரியாத ஒருவர் வரிசையில் இருந்தால் அந்த இடத்திலேயே அறிவிப்பு பலவீனப்பட்டது. ஆக, பெயரை மறைத்துக்கொள்வது எப்போதும் பணிவாகிவிடாது. ஒரு தகவலை ஆயிரம் பேருக்கு அனுப்பிவிட்டு 'அனுப்பப்பட்டதை அனுப்பினேன்' என்று ஒதுங்குகிற வாட்ஸ்அப் பழக்கத்தை அந்த இமாம்கள் எந்தத் தரத்தில் வைத்திருப்பார்கள்? பெயரோடு எழுதுவது, தவறினால் பிடித்துக் கேளுங்கள் என்று சட்டையைக் கொடுப்பதாகும். நிய்யத் அல்லாஹ்வுக்குத் தெரியும். வாசகனுக்கு வேண்டியது விலாசம்.

இரண்டாவது மறுப்பு பயத்திலிருந்து வருகிறது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் நிறைய உண்டு. ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித் 2012இல் பிபிசி தமிழுக்குச் சொன்ன ஒரு கருத்துக்காக ஊரில் வாழ முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டார். 2015இல் அவர் வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டதாகவே ஒரு பொய்ச் செய்தியைச் சோடித்து இணையத்தில் பரப்பினார்கள். முகநூலில் எழுதிவந்த ரம்ஸி ராஸிக், பேனாவாலும் விசைப்பலகையாலும் நடத்தும் கருத்துப் போராட்டம் பற்றிச் சிங்களத்தில் எழுதியதற்காக 2020 ஏப்ரலில் கைதாகி ஐந்து மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். மன்னார்ப் பக்கத்துக் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு ஒரு தகப்பன் தன் பிள்ளையிடம் 'நீ ஒன்றும் எழுத வேண்டாம், வேலையைப் பார்' என்று சொன்னால் அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் மௌனமாக இருந்தவர் தப்பினாரா என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். நமது மாவட்டத் தலைநகரில், 2018 பெப்ரவரி 26 இரவு நடந்தது நினைவிருக்கும். அம்பாறை நகரத்து முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் உணவில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் கூட்டம் கூடியது. காசாளராக இருந்தவர் தமிழ் பேசுபவர். சிங்களம் சரியாக விளங்காது. சூழ்ந்து நின்றவர்கள் கேட்ட கேள்விக்கு, பயத்தில், ஆமென்பதுபோல் ஏதோ சொன்னார். அதைப் படம்பிடித்து முகநூலில் விட்டார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மாத்திரை எனப்பட்டது மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு காட்டியது. அதற்குள் கண்டிப் பக்கத்துத் திகன கலவரத்தில் பற்றி எரிந்து, அவசரகாலச் சட்டம் வந்து, சமூக ஊடகங்களையே அரசாங்கம் முடக்கிவிட்டிருந்தது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. கடைக்காரருக்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை. அந்தக் காசாளர் எதையும் எழுதியவரல்லர், யாரையும் சீண்டியவரல்லர். அவர் பெயரில் அவருக்குத் தெரியாத ஒரு கதையை வேறு யாரோ எழுதினார்கள். நம்மைப் பற்றி நாம் எழுதாமல் விட்ட வெற்றிடம் வெற்றிடமாக இருப்பதில்லை.

பெயர் இருந்தால் சட்டம் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. ராஸிக்குக்குப் பெயர் இருந்தது, சிறையும் கிடைத்தது. ஆனால் அவர் அதுவரை எழுதியிருந்தவை பகிரங்கமாக இருந்தன. அவர் சொன்னதன் பொருள் எதுவென்று மற்றவர்கள் எடுத்துக்காட்ட முடிந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. அஹ்னாஃபின் கவிதைகளில் தீவிரவாதத்தைக் கண்டவர்கள் தமிழில் அவற்றைப் படித்தவர்களல்லர். அவை முறையாக மொழிபெயர்க்கப்பட்ட பிறகு, வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் என்பது பிற மொழியாருக்கும் தெரிந்தது. 2023 டிசம்பரில் அவர் வழக்கிலிருந்து விடுதலையானார். இரண்டு வழக்கிலும் பதிவு ஒன்று இருந்ததுதான் பின்னால் உதவியது. காசாளரிடம் அது இருக்கவில்லை.

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் நடைமுறைப் பாடம் மொழி சம்பந்தமானது. இந்தக் கரையில் ஊடக அறிவு என்றால் கெமரா பிடிக்கத் தெரிவதற்கு முன்னால் சிங்களத்தில் ஒரு பந்தி பிழையில்லாமல் எழுதத் தெரிவது. தமிழில் நாம் நமக்குள் எழுதிக்கொள்வது நம்மை நமக்கு அறிமுகப்படுத்தும். அம்பாறை நகரத்துக்கு அறிமுகப்படுத்தாது. கல்முனையிலிருந்து அம்பாறைக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலமளவுதான். ஆனாலும் 2018இல் அந்தக் கடைக்கு வெளியே நின்றவர்களுக்கு நம் சமையலறை ஒரு மர்மமாக இருந்தது. நம் ஊர் வைத்தியர் ஒருவர் சிங்களத்தில் மாதம் ஒரு சுகாதாரக் கட்டுரை எழுதிவந்திருந்தால் கூட்டம் கலைந்திருக்கும் என்று சொல்லமாட்டேன். மறுநாள் காலையில் சிங்களப் பத்திரிகையாளர் ஒருவர் யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்று தடுமாறியிருக்கமாட்டார் என்று மட்டும் சொல்வேன். ஊடகத்தில் பெயர் இருப்பதன் மெய்யான பயன் அதுதான்: நெருக்கடியில் அழைக்கப்படும் இலக்கம் உங்களுடையதாக இருப்பது.

மூன்றாவது மறுப்பு இளைஞர்களுடையது. 'நீங்கள் சொல்லும் ஆட்களுக்கு இருபது வருஷம் இருந்தது. எங்களுக்கு இருபது விநாடிதான். சத்தம் போடாவிட்டால் அல்கோரிதம் எங்களைக் காட்டாது' என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. குறுங்காணொளி வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அது கடைவாசல். வாசலில் கூவுகிறவருக்கு உள்ளே சரக்கு இருக்க வேண்டும், அந்தக் கடை நாளைக்கும் அதே இடத்தில் இருக்க வேண்டும். பதினைந்து, இருபது வருடங்களுக்கு முன் தமிழில் வலைப்பூ அலை வந்தபோது நம் பகுதியிலும் பலர் எழுதினார்கள். கூகுளின் இலவச இடத்தில் எழுதியவர்களின் பக்கங்கள் பல இன்னும் திறக்கின்றன. சொந்தமாக டொமைன் வாங்கிச் செய்தித் தளம் நடத்தியவர்களில் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காதவர்களின் தளங்கள் சுவடில்லாமல் போய்விட்டன. பாமினி எழுத்துருவில் தட்டி அப்படியே ஏற்றியவை இன்று திறந்தாலும் வாசிக்க முடியாது, தேடினாலும் அகப்படாது. முகநூலில் 2014இல் எழுதிய நல்ல கட்டுரையொன்றை இன்று தேடி எடுப்பது எழுதியவருக்கே சிரமம். இதற்கு மாறாக, 2005இல் சில இளைஞர்கள் தன்னார்வமாகத் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஐம்பது வருடங்களுக்கு முந்திய ஈழத்துச் சிற்றிதழ்கள் ஒரு தட்டலில் திறக்கின்றன. காகிதத்தில் வந்ததால் பிழைத்தன, பிறகு யாரோ ஸ்கேன் செய்ததால் பரவின. ஆகவே இளைஞருக்கு என் ஆலோசனை மிகவும் சாதாரணமானது: யுனிகோடில் எழுதுங்கள், எழுதியதன் பிரதியைத் தனியாக வையுங்கள், வருடத்துக்கொரு முறையாவது அச்சிலோ நூலகத்திலோ சேர்த்துவையுங்கள், திகதி போடுங்கள். திகதியில்லாத பதிவு பத்து வருடத்தில் வதந்தியாகிவிடும்.

பெண்கள் விடயத்தில் இந்தக் கேள்வி வேறு விதமாக நிற்கிறது. 'முகம் காட்டு' என்று சொல்லும் பிராண்ட் இலக்கணம் நம் ஊர்ப் பெண்களில் பலருக்குப் பொருந்தாது, அது பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை. சாய்ந்தமருதிலிருந்து எழுதும் அனாரை எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் 'ஓவியம் வரையாத தூரிகை', 2007இல் காலச்சுவடு வெளியீடாக 'எனக்குக் கவிதை முகம்', பிறகு கிழக்கிலங்கையின் நாட்டார் பாடல்களின் தொகுப்பு. புனைபெயரில் எழுதிய ஒருவரை நாகர்கோவில் பதிப்பகம் தேடிப் பதிப்பித்தது வரிகளின் பலத்தால். தன் கவிதைகளோடு நில்லாமல் வயலிலும் வாசலிலும் மக்கள் பாடிய பாட்டுகளையும் அவர் திரட்டினார் என்பது என் வாதத்துக்கு இன்னொரு சாட்சி. புனைபெயரும் பொறுப்புள்ள பெயராக முடியும், அது மாறாமல் ஒன்றாகவே இருந்தால். கிழமைக்கொரு கணக்குத் திறப்பவரோடு அதை ஒப்பிட வேண்டாம்.

எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சங்கடமான உண்மை. நம் குடி முறையை, தாய்வழி வீட்டுச் சீதனத்தை, பள்ளிவாசல் மரைக்கார்மாரின் ஒழுங்கை உலகம் எந்த நூலில் வாசிக்கிறது? டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து, மீண்டும் மீண்டும் வந்து, 2008இல் வெளியிட்ட நூலில். அவர் நேர்மையாகச் செய்தார், நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அக்கரைப்பற்றில் பிறந்த ஒருவருக்கு அந்தத் தகவல்கள் அத்தனையும் உம்மாவிடம் கேட்டால் கிடைத்திருக்கும். மருதமுனைக் கைத்தறியை எடுத்துக்கொள்ளுங்கள். மருதமுனைச் சாரம் என்றால் நாடே அறியும். எந்தத் தறியில் எந்தப் பாவு, எந்தச் சாயம், எந்தக் கரை எந்த வருடத்தில் வழக்கிலிருந்து போனது, நெய்தவர் யார் என்று கேட்டால் எடுத்துக்காட்ட ஏடு இல்லை. ஊருக்குப் பெயர் இருக்கிறது, நெசவாளிக்கு இல்லை. நெசவாளியின் பேத்தி ஒருத்தி ஒவ்வொரு கரையையும் படமெடுத்து, நெய்தவரின் பெயரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் பக்கத்தில் எழுதி வைத்தால், ஐந்து வருடத்தில் துணிக்கடைக்காரரும் அருங்காட்சியகக்காரரும் அவளைத்தான் தேடி வருவார்கள்.

இன்னும் கிட்டத்தில் ஒன்று சொல்கிறேன். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதற்கு வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது. தென்னை விழுகிறது, தோணி வைக்க இடமில்லை. கூட்டம் நடக்கிறது, மகஜர் கொடுக்கப்படுகிறது, மகஜர் கொடுத்தவர்களின் படம் செய்தியில் வருகிறது. கடல் எத்தனை அடி உள்ளே வந்தது, எந்த மாதத்தில் எவ்வளவு என்ற பதிவு ஊர்க்காரர் கையில் இருந்தால் அதிகாரி வேறு விதமாகப் பதில் சொல்ல நேரும். ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், மாதத்தின் முதலாம் திகதி ஒரு படம். பக்கத்தில் ஓர் அளவு: பள்ளிவாசல் மதிலிலிருந்து நீர் விளிம்புவரை. தமிழில் ஒரு வரி, சிங்களத்தில் ஒரு வரி, அடியில் எழுதியவரின் பெயர். கைத்தொலைபேசி ஏலவே எல்லார் கையிலும் இருக்கிறது. அளவு நாடா கல்முனைச் சந்தையில் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும்.